பிரெஞ்சு படிக்க ஆங்கிலம் எதற்கு?

ஆங்கிலம் கைவந்தவருக்குப் பிரெஞ்சு பாதி வந்த மாதிரி. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அது எட்டாக்கனி. இந்த நம்பிக்கை நம்மூரில் வெகுகாலமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. மேல்நிலை வகுப்பில் மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுக்க நினைக்கும் பிள்ளையிடம் முதலில் விசாரிக்கப்படுவது அதன் ஆங்கில மதிப்பெண். கடையில் கிடைக்கும் கைடு ஆங்கிலத்தில். வினைச்சொல் பட்டியலுக்கு எதிரே எழுதியிருக்கும் பொருள் ஆங்கிலத்தில். வகுப்பில் ஆசிரியர் தரும் விளக்கமும், அவரும் மாணவரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களாகவே இருந்தாலும், ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்துவிட்டுப் பிரெஞ்சு கற்க ஆசைப்பட்டு வருகிறவருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "மொதல்ல இங்கிலீஷைச் சரி பண்ணிட்டு வாங்க."

அந்தப் பதில் தவறு என்பது என் கட்சி. தொடக்க நிலையில் தமிழ் மாணவர்கள் பிரெஞ்சில் திரும்பத் திரும்பச் செய்யும் பிழைகளை எடுத்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பங்கு பிரெஞ்சு கடினம் என்பதால் வருவதில்லை. தமிழ் வேறு குடும்பத்து மொழி என்பதாலும் வருவதில்லை. நடுவில் நிற்கும் ஆங்கிலம் கொடுத்துவிட்டுப் போகும் பிழைகள் அவை. தமிழிலேயே நினைத்திருந்தால் சரியாக வந்திருக்கும் வாக்கியத்தை ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்க் கெடுத்துக்கொள்கிறோம்.

எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடுகிறேன். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் எழுத்து ஒன்றுதான். சொற்களும் ஏராளமாகப் பொது. 1066-இல் நார்மண்டியிலிருந்து போய் இங்கிலாந்தைப் பிடித்தவர்கள் அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் சமையலறைக்கும் பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவை இன்றும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதனால் ஆங்கிலம் தெரிந்தவர் பிரெஞ்சுப் பத்திரிகையின் தலைப்புச் செய்தியைப் பார்த்ததும் ஏதோ புரிந்த மாதிரித் தலையாட்ட முடிகிறது. வாசிப்பின் முதல் சில மாதங்களுக்கு இது உண்மையான உதவி.

ஆனால் அந்தப் பொதுச்சொற்களே பள்ளமும் வெட்டி வைத்திருக்கின்றன. 1928-இலேயே கெஸ்லெர், தெரொக்கிஞி என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இதற்கென்று ஒரு புத்தகம் போட்டு, இப்படிப்பட்ட சொற்களுக்குப் 'பொய் நண்பர்கள்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 'லிப்ரேரி' என்றால் பிரெஞ்சில் புத்தகக்கடை, நூலகம் இல்லை. 'அசிஸ்தே' உதவுவது இல்லை, ஒரு கூட்டத்தில் கலந்துகொள்வது. 'தெமாந்தே' அதிகாரமாகக் கோருவது இல்லை, சும்மா கேட்பது. 'ரெஸ்தே' ஓய்வெடுப்பது இல்லை, ஓரிடத்தில் இருப்பது. தேர்வை 'பாசே' செய்தேன் என்று ஒரு பிரெஞ்சு மாணவி சொன்னால் தேர்வு எழுதினேன் என்று பொருள். முடிவு வர இன்னும் நாளிருக்கிறது, இனிப்பு வாங்கிவிடாதீர்கள். இந்தக் குழப்பம் எதுவும் ஆங்கிலம் தெரியாத தமிழருக்கு வர வழியே இல்லை. அவருக்கு 'லிப்ரேரி' ஒரு புதிய சொல். புத்தகக்கடை என்று சொல்லிக்கொடுத்தால் புத்தகக்கடை என்றே மனத்தில் பதியும்.

சொற்களை விடுங்கள். வாக்கியத்துக்கு வந்தால்தான் வேடிக்கை. "எனக்குப் பசி", "எனக்கு இருபது வயது" என்கிறோம். இரண்டிலும் 'நான்' எழுவாய் இல்லை, 'இருக்கிறேன்' என்ற வினையும் இல்லை. பிரெஞ்சில் பசியும் வயதும் ஒருவரிடம் 'இருப்பவை': எனக்குப் பசி உண்டு, எனக்கு இருபது ஆண்டு உண்டு என்கிற பாங்கு. ஆங்கிலமோ 'நான் பசித்தவனாக இருக்கிறேன்', 'நான் இருபது வயதினனாக இருக்கிறேன்' என்று கட்டுகிறது. முதலாண்டு விடைத்தாள்களில் 'ழ சுய்' (நான் இருக்கிறேன்) என்று தொடங்கிப் பசியையும் வயதையும் எழுதிச் சிவப்பு மை வாங்குகிறவர்கள் இந்த ஆங்கிலக் கட்டுமானத்தைத்தான் பிரெஞ்சுச் சொற்களில் நகலெடுக்கிறார்கள். (பிரெஞ்சு 'ழெ' ஒலிக்குப் புதுவை மொழிபெயர்ப்பாளர்கள் ழகரத்தை எழுதுவது வழக்கம். ஒலி அதுவே இல்லை. வேறு எழுத்தும் நம்மிடம் இல்லை.)

நீச்சலை எடுத்துக்கொள்வோம். "எனக்கு நீந்தத் தெரியும்" வேறு, "இன்றைக்கு என்னால் நீந்த முடியும்" வேறு. கற்ற வித்தைக்குத் 'தெரியும்', உடம்பும் சூழ்நிலையும் இடம்கொடுப்பதற்கு 'முடியும்'. பிரெஞ்சும் இதே கோட்டைத்தான் போடுகிறது: முதலாவதற்கு 'சவ்வார்', இரண்டாவதற்கு 'புவ்வார்'. ஆங்கிலப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே துணைவினை போதும். ஆகவே ஆங்கிலக் கைடு இதற்கு ஒரு தனிப்பெட்டி போட்டு, நட்சத்திரக்குறி வைத்து, 'கவனம்' என்று எச்சரிக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு எதற்கு எச்சரிக்கை? அது மூன்று வயதிலேயே இந்த வேறுபாட்டைச் சரியாகப் பேசிவிட்டதே!

"பத்து வருஷமா பாண்டியில இருக்கேன்" என்பதில் வினை நிகழ்காலம். பிரெஞ்சிலும் நிகழ்காலம். ஆங்கிலத்தில் அதற்கு மூன்று துண்டாக ஒரு வினைத்தொடர் வேண்டும். அதை அப்படியே தூக்கிவந்து பிரெஞ்சில் இறந்தகாலமாக்கினால் பாண்டியை விட்டுப் போய்விட்டவர் ஆகிவிடுவீர்கள். "அவர் டாக்டர்" என்பதில் டாக்டருக்கு முன்னால் நாம் 'ஒரு' போடுவதில்லை. பிரெஞ்சும் 'இல் எ மெத்சேன்' என்று மொட்டையாகவே சொல்கிறது. ஆங்கிலம் படித்த தமிழர்தான் அந்த 'ஒரு'வைத் தேடி எடுத்துச் செருகுகிறார்.

இறந்தகாலம் இரண்டு இருப்பதுதான் பிரெஞ்சின் பெரிய பூதம் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். முடிந்த செயலுக்குப் 'பாசே கொம்போசே', பழக்கமாகவோ பின்னணியாகவோ ஓடியதற்கு 'எம்பார்ஃபே'. ஆங்கிலத்தில் 'போனார்' என்ற ஒரே வடிவம் ஒருநாள் போனதையும் தினமும் போனதையும் சுமக்கும். அதனால் ஆங்கிலம் வழியே வருகிறவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் நின்று யோசிக்கிறார். நாம் தாத்தாவைப் பற்றி எப்படிப் பேசுகிறோம்? "தாத்தா விடியற்காலையில எழுந்திருப்பார், கிணத்தடியில குளிப்பார், அப்புறம் கடைத்தெருவுக்குப் போவார்." எல்லாம் எதிர்கால வடிவம், சொல்வதெல்லாம் பழைய பழக்கம். "அன்னைக்கு மட்டும் போகல" என்றதும் வடிவம் மாறுகிறது. எழுந்திருப்பார், குளிப்பார், போவார் என்று வருகிற இடமெல்லாம் 'எம்பார்ஃபே'. "மழை பெய்துகொண்டிருந்தது" என்பதும் அதே. "போகல" வருகிற இடத்தில் 'பாசே கொம்போசே'. விதிவிலக்குகள் உண்டு, 'இருந்தது' என்ற ஒற்றைச்சொல் எந்தப் பக்கம் விழும் என்பதை யோசித்துத்தான் முடிவு செய்யவேண்டும். ஆனாலும் பத்தில் எட்டு இடத்தில் காதே சொல்லிக்கொடுத்துவிடும். இந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு பக்க விதியை மனப்பாடம் செய்கிற கூத்து வேறெங்கும் நடக்காது.

நான்காம் வேற்றுமையைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம். எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் போதும், எனக்குத் தலை வலிக்கிறது: உணர்ச்சியும் தேவையும் நம்மிடம் வந்து சேர்கின்றன; நாம் அவற்றைச் செய்வதில்லை. பிரெஞ்சில் 'ஸா ம ப்ளே' என்றால் அது எனக்குப் பிடித்திருக்கிறது. 'இல் ம ஃபோ' என்றால் எனக்கு வேண்டும். இந்த வரிசையில் வருவதுதான் தலைமுறை தலைமுறையாக மாணவர்களைக் கவிழ்க்கும் 'மான்கே'. 'த்யு ம மான்க்' (நீ இல்லாமல் ஏங்குகிறேன்) என்பதில் எழுவாய் 'நீ'. ஏங்குகிற ஆள் 'எனக்கு' என்று நிற்கிறார். ஆங்கிலத்தில் ஏங்குகிறவர்தான் எழுவாய் என்பதால், பிரிவில் வாடுகிறவர் தான் வாடுவதாக எழுத நினைத்து, காதலி தன்னை நினைத்து வாடுவதாக எழுதிவிடுகிறார். சோகத்திலும் ஒரு கர்வம்! நாமும் இப்போது 'மிஸ் பண்றேன்' என்று ஆங்கில வினையையே பேசுவதால் நம் காதும் கெட்டுப்போயிருக்கிறது. அதே வினையை "எனக்குப் பத்து யூரோ குறைகிறது" என்ற வாக்கியத்தில் முதலில் கற்றுக்கொடுத்துப் பாருங்கள். பணம் எனக்குக் குறைகிறது, நீ எனக்குக் குறைகிறாய் என்று கட்டுமானம் நேராக வந்து நிற்கும்.

ஆங்கிலப் பாடநூல்கள் பிரெஞ்சின் தற்சுட்டு வினைகளுக்கு முன்னால் கைபிசைந்து நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. கை கழுவினேன் என்பதை 'என் கைகளைக் கழுவினேன்' என்று ஆங்கிலம் சொல்லும். பிரெஞ்சில் 'என்' கிடையாது. தனக்குத்தானே என்பதைக் காட்ட வினைக்கு முன் ஒரு சிறுசொல் வரும். நம்முடைய "கை கழுவிக்கொண்டேன்" என்பதில் 'என்' இருக்கிறதா? இல்லை. 'கொள்' அந்தச் சிறுசொல்லின் வேலையைச் செய்கிறது. "அவர்கள் பேசிக்கொள்கிறார்கள்" என்று ஒருவருக்கொருவர் செய்வதற்கும் நாம் 'கொள்' போடுகிறோம். பிரெஞ்சும் அதே சிறுசொல்லையே போடுகிறது. எல்லா வினையிலும் பொருந்தாது, உண்மைதான். எழுந்திருப்பதற்கும் பிரெஞ்சுக்காரர் அதைப் போடுவார், நாம் பெரும்பாலும் போடமாட்டோம். பிரதிப்பெயர்களின் இடத்தில் மறுபடியும் தமிழே துணை. "அதை அவனுக்குக் கொடுத்தேன்" என்பதைத் துண்டு துண்டாக எடுத்து வைத்தால் 'ழ ல லுய் ஏ தொனே' என்ற வாக்கியத்தில் செயப்படுபொருளும் கொள்பவரும் வினையும் அதே வரிசையில் நிற்கும். ஆங்கிலத்தில் வினை முந்திக்கொள்ளும்.

'கி', 'கெ' என்ற இரண்டு இணைப்புச் சொற்கள் பற்றி ஒரு வார்த்தை. ஆளுக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என்று ஆங்கிலப் பழக்கத்தில் பலர் பிரித்துக்கொள்கிறார்கள். அடிப்படையிலேயே பிசகு அது. முன்னது எழுவாய்க்கு, பின்னது செயப்படுபொருளுக்கு. எழுவாய், செயப்படுபொருள் என்ற இரண்டும் தமிழ்வழிப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புச் சரக்கு.

காதுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'ட' போன்று நுனிநாக்கு ஈற்றைத் தட்டும் ஒலிகள் பிரெஞ்சில் பல்லைத் தொடும். நம் தகரம் மாதிரி. மூச்சும் வெடித்து வராது. புதுவையில் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கியவர்களை மக்கள் 'சொல்தா' என்றார்கள். எழுத்துக் கற்காத காதும் அந்த ஒலியைத் தகரமாகத்தான் கேட்டது. ஆங்கில வழியில் வந்த நம் பத்திரிகைகள் 'வால்டேர்' என்று எழுத, நேரே கேட்டவர்கள் 'வொல்தேர்' என்று எழுதினார்கள். மூக்கொலி உயிர்கள் வெள்ளைக்காரனுக்கே உரியவை என்பது இன்னொரு கதை. நாம் வீட்டில் 'மரம்' என்று சொல்லும்போது கடைசி மகரத்தில் உதடு மூடுகிறதா என்று கவனியுங்கள். மூடாது, உயிர் மூக்கில் போய்க் கரையும். 'அவன்' என்பதிலும் 'வந்தான்' என்பதிலும் அப்படியே. மரத்தின் ஈறு, அவனின் ஈறு, வந்தானின் ஈறு மூன்றும் மூன்று வேறு உயிர். பிரெஞ்சில் நல்லது, ஒயின், காற்று ஆகிய மூன்று சொற்களின் மூக்கொலிகளுக்கு அவை வியக்கத்தக்க அளவு நெருக்கம். இதை விட்டுவிட்டு 'போங்', 'வேங்' என்று ஆங்கில உச்சரிப்புக் குறிப்பைப் பார்த்துக் கத்துகிறோம்.

மரியாதைப் பன்மை இன்னொரு சான்று. செயின்ட் எக்ஸுபெரியின் குட்டி இளவரசன் பாலைவனத்தில் விமானியிடம் முதன்முதலாகப் பேசும்போது மரியாதைப் பன்மையில் ஒரு 'தயவுசெய்து' சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே ஒருமை ஏவலுக்குத் தாவிவிடுகிறான். குழந்தை மனப்பாடமாகச் சொல்லும் உபசாரமும் அதன் இயல்பான உரிமையும் அந்த ஒரே வாக்கியத்தில் மோதுகின்றன. ஆங்கிலத்தில் அது காற்றோடு போயிற்று. தமிழ் வாசகருக்கு விளக்கமே தேவையில்லை.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கையும் அவசியம். நீ, நீங்கள் என்ற இரண்டு நம்மிடம் இருப்பதாலேயே எல்லை ஒன்றாகிவிடாது. நம் வீடுகள் பலவற்றில் அப்பாவுக்கு 'நீங்கள்', கடவுளுக்கு 'நீ'. பிரெஞ்சுப் பிள்ளைகள் அப்பாவையும் ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். பிரெஞ்சுக் கத்தோலிக்கர்கள் கர்த்தர் கற்பித்த செபத்தில் கடவுளைப் பன்மையில் அழைத்து, 1966-இல்தான் ஒருமைக்கு மாறினார்கள். தமிழர் செய்யும் தவறு அநேகமாக ஒரே திசையில் இருக்கும்: கூட வேலை செய்கிறவர் ஒருமைக்கு வரச் சொன்ன பிறகும் விடாமல் மரியாதை கொடுத்து அவரைத் தள்ளியே நிறுத்துவது.

தமிழ் நம்மை நேராகவே ஏமாற்றும் இடங்களும் உண்டு. அவற்றை மறைத்தால் நானும் ஒரு கைடு விற்கிறவன் ஆகிவிடுவேன். மிக மோசமானது எதிர்மறைக் கேள்வி. "நீங்க வரலையா?" என்றால் "ஆமா, வரல" என்கிறோம், மறுப்பதற்கு "இல்ல, வர்றேனே" என்கிறோம். கேட்டவர் சொன்னதை ஒப்புகிறோமா மறுக்கிறோமா என்பதே நமக்குக் கணக்கு. பிரெஞ்சில் வராதவர் 'நோன்' என்பார். வருகிறவர் அதற்கென்றே வைத்திருக்கும் 'சி' என்ற சொல்லைச் சொல்வார். பாரிஸ் அலுவலகம் ஒன்றில் "உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையா?" என்று கேட்டால், இரண்டு பிள்ளை பெற்ற தமிழர் மறுப்பதாக நினைத்து "நோன், நோன்" என்பார். எழுதுகிறவர் சுழியம் போட்டுவிடுவார். ஆங்கிலத்தில் 'சி' இல்லாததால் ஆங்கில நூலும் இதை ஓர் அடிக்குறிப்பில் கடந்துவிடுகிறது. தமிழருக்கோ இது முதல் வாரத்துப் பாடமாக இருக்கவேண்டும்.

பெயருக்கு முன்வரும் சார்புச்சொற்கள் தமிழில் இல்லை. ஆகவே நம்மவர் அவற்றை விழுங்குவார். இதில் ஆங்கிலம் கைகொடுக்கும் என்கிறார்கள், பாதிதான். எனக்குக் காபி பிடிக்கும் என்பதில் ஆங்கிலமும் காபியை மொட்டையாக விடும், பிரெஞ்சு விடாது. அதற்கு மாறாக நம் இரண்டாம் வேற்றுமையில் ஒரு நுணுக்கம் கிடக்கிறது. "காபி குடித்தேன்" என்பது ஏதோ காபி. "காபியைக் குடித்தேன்" என்பது முன்னே இருந்த அந்தக் காபி. முதலாவதற்குப் பிரெஞ்சில் 'த்யு', இரண்டாவதற்கு 'ல'. செயப்படுபொருளுக்கு மட்டும்தான் இந்த உபாயம் செல்லும். இருந்தாலும் சிறிய உபாயம் இல்லை.

பெயர்ச்சொல்லின் பால் விஷயத்தில் தமிழும் ஆங்கிலமும் வெறுங்கை. மேசை ஏன் பெண்பால் என்று கேட்காத மாணவர் கிடையாது. பதில் சொல்லத் தெரியாமல் 'பிரெஞ்சுக்காரர்கள் ரசனைக்காரர்கள்' என்று மழுப்பும் ஆசிரியரும் உண்டு. காவல் நிற்கும் சிப்பாய் மீசை வைத்திருந்தாலும் பிரெஞ்சில் 'சான்தினெல்' பெண்பால்; 'விக்தீம்' என்ற சொல்லும் பெண்பால், பாதிக்கப்பட்டவர் ஆணாயினும். அங்கே பால் என்பது சொல்லின் வகுப்பு. ஆளின் உடம்போடு அதற்குச் சம்பந்தம் குறைவு. "குழந்தை சிரிக்கிறது" என்று பெற்ற பிள்ளையை அஃறிணையில் முடிக்கிற நமக்கு இது விளங்காமல் போகக்கூடாது. பிறகு ஈறுகளைப் பார்க்கவேண்டியதுதான்: 'சியோன்', 'தே' என்று முடியும் பண்புப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால், 'மான்', 'ஆழ்' என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால், 'இமாழ்', 'ப்ளாழ்' போன்ற சில நீங்கலாக. டக்கர், லாம்பர்ட், ரிகோ மூவரும் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அறியாத சொல்லுக்கு ஈற்றைக் கேட்டுத்தான் பாலை ஊகிக்கிறார்கள் என்று காட்டினார்கள்.

இன்னொரு கட்சியினர் இருக்கிறார்கள். ஆங்கிலமும் வேண்டாம், தமிழும் வேண்டாம், வகுப்பில் பிரெஞ்சு மட்டும் என்பவர்கள். கேட்க அழகாக இருக்கும். வயது வந்தவர் மனத்துக்குள் மொழிபெயர்ப்பதை யாரும் தடைசெய்ய முடியாது. வாயை மூடினால் உள்ளே நடக்கும். ஆங்கில வழியில் படித்தவருக்கு உள்ளே நடப்பது ஆங்கிலத்தில் நடக்கும். நான் மேலே சொன்ன பிழைகள் அந்த வகுப்புகளிலும் அப்படியே விளைகின்றன, ஏன் என்று சொல்ல ஆளில்லாமல்.

தமிழில் நூல் எங்கே என்ற கேள்வி மிச்சம். நேர்வழி ஒரு காலத்தில் இருந்தது. முஸ்ஸே, துப்புய் என்ற இரு பாதிரியார்கள் புதுவையில் 1855 முதல் வெளியிட்ட பெரிய தமிழ்–பிரெஞ்சு அகராதியில் ஆங்கிலம் நடுவில் வரவில்லை. காரைக்காலில் வளர்ந்த ழ்யுலியேன் வேன்சோன் 1903-இல் பாரிசில் தமிழ் இலக்கணக் கையேடு எழுதியபோதும் வரவில்லை. காம்யுவின் 'அந்நியன்' வெ. ஸ்ரீராமின் கையில் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழுக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர் தமிழ் கற்க நூல் இருந்தது, பிரெஞ்சு இலக்கியம் தமிழுக்கு வர ஆள் இருந்தார்கள்; தமிழர் தமிழ் வழியே பிரெஞ்சு கற்க நல்ல பாடநூல் ஒன்று வேண்டும் என்பதை மட்டும் நம் கல்வித்துறைகள் அவசரமாக நினைத்ததில்லை. புதுவை 1954-இல் கைமாறியபின் அந்த அவசரம் இன்னும் குறைந்தது.

இதற்கிடையே பாரிஸ் லா ஷப்பெல் பகுதியில், ஆங்கிலம் சரளமாக இல்லாமலேயே உணவகச் சமையலறையில் நின்று பிரெஞ்சு பேசப் பழகிய ஈழத்தமிழர்கள் ஒரு தலைமுறையாக இருக்கிறார்கள். 2026 ஜனவரி முதல் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்பவர் மொழித்திறனில் பி2 நிலையைக் காட்டவேண்டும் என்று சட்டம் ஏறிவிட்டது. பேச்சு வந்தவர்களும் எழுத்துத் தேர்வுக்கு உட்காரவேண்டும். ஐம்பது வயதில் அதற்குத் தயாராகும் ஒருவரிடம் போய், முதலில் ஆங்கிலம் படித்துவிட்டு வாருங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? அவர் எழுதும் கட்டுரையில் சார்புச்சொற்கள் விட்டுப்போயிருக்கும், பால் மாறியிருக்கும், 'சி' வரவேண்டிய இடத்தில் 'நோன்' வந்திருக்கும். பசியிலும் வயதிலும் 'ழ சுய்' இருக்காது.